புள்ளியில்லாத மான்கள்

அந்த மானுக்குப் புள்ளி இல்லை. முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மான் என்றால் வண்டலூரில் பார்த்த புள்ளிமான்தான் என் மனதில் இருந்தது. இதுவோ ஒரு வெள்ளாட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். உடம்பு முழுக்க ஒரே பழுப்பு. குட்டைக் கால்கள். மிரண்டால் மற்ற மான்களைப் போலத் துள்ளாது. தலையைத் தாழ்த்திக்கொண்டு, பன்றி புகுவதுபோலப் புதருக்குள் புகுந்துவிடும்.

பண்ணையின் மேலாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அழகா இல்லைன்னு நினைக்கிறீங்க, இல்லையா?"

நான் சிரித்து மழுப்பினேன். இந்த மான் இயற்கையாக வாழ்வது பிலிப்பைன்ஸ் நாட்டில் அடுத்தடுத்துக் கிடக்கும் சில சிறு தீவுகளில் மட்டும்தான் என்று அவர் சொன்னார். அங்கே காட்டை எரித்து வயலாக்குகிறார்கள், நாயை விட்டு வேட்டையாடுகிறார்கள். தீவில் வாழும் பிராணிக்குத் தப்பி ஓட வேறு இடம் கிடையாது, சுற்றிலும் கடல். அங்கே ஒருவேளை அற்றுப்போனாலும் வேறெங்காவது சில உயிரோடு இருக்கட்டும் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் வளர்க்கிறார்கள். அதில் ஒன்று, துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையில் ஒரு மணி நேரம் போய், மணலுக்குள் திரும்பினால் வரும் இந்தத் தனியார் பண்ணை.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம். நானும் கணவரும் துபாயின் சத்வா பகுதியில், தையல் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் கட்டடக் கம்பெனியில் என்ஜினீயர். காலையில் சைட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். திருச்சியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்த நான், இரண்டு வருடமாக ஏ.சி.யின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று சிவப்புச் சட்டை, நாளை நீலச் சட்டை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துவிடும்போல இருந்தது. பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் அன்றே விண்ணப்பித்துவிட்டேன்.

வேலை, பதிவேடு எழுதுவது. ஒவ்வொரு மானுக்கும் ஓர் எண். பிறந்த தேதி, எடை, தாய் யார், தகப்பன் யார், எப்போது எதனால் செத்தது.

"மானுக்கு ஜாதகம் எழுதுற வேலைன்னு சொல்லு" என்றார் கணவர். "பொருத்தமும் பாக்கணுமா?"

"அதுவும் பாக்கணுங்க" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

பண்ணை வேன் காலை ஆறு மணிக்கு சத்வா ரவுண்டானா அருகில் வந்து நிற்கும். அங்கிருந்து ஏறுவது நாங்கள் இருவர்தான். நானும், ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும். என்னைவிட இரண்டு வயது சின்னவள். சத்வாவில் ஒரு பழைய வில்லாவில், ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்தாள். அந்தத் தீவு மான்களின் கொட்டகைக்கு அவள்தான் பொறுப்பு. முதல் நாளே என்னைப் பார்த்து, "குட் மார்னிங், ஆத்தே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருச்சிப் பக்கம் ஆத்தாளை அப்படி அழைப்பார்கள். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவர்கள் மொழியில் அது அக்கா என்று அவள் விளக்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிவரை நான் அவளுக்கு ஆத்தேதான். உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் பேசியதெல்லாம் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

அவள் அந்த மான் வாழும் தீவுகளில் ஒன்றில் பிறந்தவள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். மேலாளருக்கே அவளை வேலைக்கு எடுத்த பிறகுதான் தெரிந்ததாம். ஏஜென்சி அவளை வீட்டு வேலைக்கு என்று அனுப்ப, அங்கிருந்து எப்படியோ பண்ணைக்கு வந்து, கொட்டகையைப் பெருக்கப் போனவள், மானைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டாளாம்.

"ஊர்ல இதை நான் கிட்டத்துல பாத்ததே இல்லை, ஆத்தே. சாயங்காலம் வள்ளிக்கிழங்குத் தோட்டத்துல மேயும். நாய் குரைச்சா மறைஞ்சிடும். இங்க வந்துதான் தொட்டுப் பாத்தேன்."

அவளுக்கு ஒரு மகள். ஏழு வயது. பாட்டியிடம் அந்தத் தீவில் வளர்ந்துகொண்டிருந்தாள். மகளுக்கு மூன்று வயதானபோது கிளம்பி வந்தவள், அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் லீவில் போய்ப் பார்த்திருந்தாள்.

நான் சேர்ந்த அடுத்த குளிர்காலத்தில் ஒரு பெண் மான் குட்டி போட்டது. அதற்கு அது முதல் பிரசவம். குட்டியை நக்கவும் இல்லை, பால் கொடுக்க நிற்கவும் இல்லை. குட்டி எழுந்து தள்ளாடிப் பக்கத்தில் போகப்போக, அது விலகி விலகிப் போனது. மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு மேலாளர் குட்டியை எடுக்கச் சொன்னார். அவள் அதைத் தன் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அங்கேதான் ஏ.சி.யை நிறுத்த முடியும். இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன.

ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, குழந்தைப் புட்டியில் ஊற்றி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீர் பிரியும். அதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். எம்.எஸ்ஸி. படித்த எனக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மகளைக் குளிப்பாட்டும் பழக்கத்தில் செய்வதுபோலச் செய்தாள். ஆறு வாரம் அவள் சத்வாவுக்கே வரவில்லை. பண்ணையிலேயே ஊழியர் அறையில் தங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் குட்டியை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இதைச் சாப்பிட்டிருக்கேன், ஆத்தே."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"எங்க அப்பா நாய் வெச்சு வேட்டையாடுவாரு. சட்டப்படி தப்புன்னு அப்ப யாருக்குத் தெரியும்? கல்யாணம், திருவிழான்னா மான் கறிதான். நல்லா இருக்கும்." குட்டியின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்தாள். "பின்னாடி அதிகாரிங்க வந்து, இது உலகத்துலயே இங்க மட்டும்தான் இருக்குன்னு சொன்னாங்க. அப்பா நம்பவே இல்லை. இவ்வளவு பெரிய உலகத்துல வேற எங்கயுமே மான் இல்லையான்னு கேட்டாரு. அப்புறம் நாயை வித்துட்டாரு."

அவர்கள் மொழியில் மானுக்கு 'உசா' என்று பெயர். அப்படித்தான் அவள் குட்டியைக் கூப்பிடுவாள். புல் வெட்டும் பிரிவில் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். தினமும் குதிரைமசால் தீவனக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்.

"ஏம்மா, உஷா இன்னைக்குப் பால் குடிச்சிருச்சா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அது கடாக்குட்டிண்ணே."

"இருக்கட்டும்மா. கூப்பிட்டா வருதுல்ல?"

வரும். அதுதான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. மூன்றாம் மாதம் அதை மெல்ல மந்தையோடு பழக்கினார்கள். மந்தையில் ஒதுங்கிப் படுக்கும். அவள் குரல் கேட்டால் காதைத் திருப்பும், மூக்கால் மெல்லிய ஓசை எழுப்பும், ஓடி வரும். மற்ற மான்கள் மனிதரைக் கண்டால் புதருக்குள் மறையும். இது வந்து அவள் முழங்காலில் நெற்றியைத் தேய்க்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் போன் கார்டு வாங்கி மகளோடு பேசுவாள். சில வெள்ளிக்கிழமை நானும் கூட இருந்திருக்கிறேன். ஆரம்பத்தில் மகள் நிறையப் பேசுவாள். மான்குட்டி என்ன செய்தது, கொம்பு வந்ததா என்று கேட்பாளாம். வரவர இந்தப் பக்கம் இவள் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் போனை வைத்துவிட்டு, "பாட்டியை அம்மான்னு கூப்பிடுறா. என்னை என் பேர் சொல்லிக் கூப்பிடுறா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று மாலை நாங்கள் சத்வா தெருக்களில் வெகுநேரம் நடந்தோம்.

இரண்டாயிரத்து ஏழில் மேலாளர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் பழைய குறிப்புகளையெல்லாம் சேர்த்து, மான்களின் முழு வம்சாவளியை ஒழுங்காக எழுத வேண்டும். சில குறிப்புகள் அரபியில், சில பென்சிலில், சில காப்பிக் கறையோடு. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். கோடு போட்டு முடித்து, காகிதத்தை மேஜைமேல் விரித்துப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் மேலே போய் ஒரே ஆண் மானில் முடிந்தன. அந்தக் கிழட்டு மான்தான் தகப்பன், அதுவே தாத்தா. கடைசியாகப் பிறந்தவற்றில் பாதி ஏன் நோஞ்சானாக இருந்து செத்தன என்பது விளங்கியது. முறை கெட்டுப்போன ஒரு குடும்பம். இப்படியே விட்டால் நாய் வேண்டாம், வேடன் வேண்டாம், வேலிக்குள்ளேயே அற்றுப்போகும்.

வழி ஒன்றுதான் இருந்தது. ஐரோப்பாவில் இதே மானை வளர்க்கும் இன்னொரு இடம் இருந்தது. அங்கே இருப்பவை வேறு வம்சம். இங்கிருந்து ஓர் ஆணை அங்கே கொடுத்து, அங்கிருந்து ஓர் ஆணை இங்கே வாங்க வேண்டும். எந்த ஆண் போகலாம் என்று எழுதித் தரும்படி மேலாளர் என்னைக் கேட்டார். கிழட்டு மான் பயணம் தாங்காது. இன்னொன்றுக்குக் கால் ஊனம். மிச்சம் இருந்தது, முதல் கொம்பு முளைத்து நின்ற எங்கள் குட்டிதான்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லிக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

அவள் சோற்று டப்பாவை மூடி வைத்தாள்.

"ஆத்தே, அதை எழுதாதீங்க."

"நான் எழுதலைன்னா வேற யாராவது கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபிடிக்கட்டும். அப்பப் போகட்டும். நீங்க எழுதாதீங்க."

"எழுதலைன்னா கொஞ்ச வருஷத்துல இங்க ஒண்ணுமே இருக்காது."

"அப்படின்னா எங்க ஊருக்கு அனுப்பச் சொல்லுங்க. நானே கூட்டிட்டுப் போறேன். அதோட சொந்த ஊர்தானே அது?"

அதையும் நான் மேலாளரிடம் கேட்டிருந்தேன். முடியாது என்றுவிட்டார். பல நாட்டு மிருகங்களோடு ஒரே பண்ணையில் வளர்ந்தது. இங்கிருந்து ஏதாவது நோய் போய், தீவில் மிச்சம் இருப்பவற்றுக்குத் தொற்றினால் எல்லாமே முடிந்துவிடும். அவர் சொன்னது சரிதான். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் சோற்று டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இங்க பொறந்ததுக்கு அங்க இடமில்லை. அங்க பொறந்த எனக்கு அங்க வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நான் எழுதினேன். இரண்டு நாள் எழுதாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வேனில் அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள். 'குட் மார்னிங்' மட்டும் சொல்வாள். ஆத்தே என்ற சொல் நின்றுபோனது. வீட்டில் கணவர், "நீ செஞ்சது சரிதானே, அப்புறம் ஏன் இப்படி இருக்கே?" என்றார். சரியாகச் செய்தால் வருத்தம் வராது என்று அவர் எங்கே படித்தாரோ.

பெரிய சிக்கல் பிறகுதான் வந்தது. மானை வலை போட்டுப் பிடித்தால் பயத்திலேயே நெஞ்சு நின்று செத்துப்போகும். மயக்க ஊசியும் ஆபத்து. அது தானாகவே நடந்து பெட்டிக்குள் போக வேண்டும். அதை அப்படி நடத்திப்போகக்கூடிய ஆள் பண்ணையில் ஒருத்திதான் இருந்தாள். மாட்டேன் என்றுதான் சொல்வாள் என எதிர்பார்த்தேன். மேலாளர் கேட்டதும், "சரி சார்" என்றாள்.

மரப்பெட்டியைக் கொண்டுவந்து வேலிக்குள் வைத்தார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் நாள் பெட்டிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து வள்ளிக்கிழங்குத் துண்டு கொடுத்தாள். அடுத்த நாள் ஐந்தடி. பிறகு வாசலில். அது உள்ளே தலையை நீட்டிவிட்டுப் பின்வாங்கும். ஒரு நாள் அவளே உள்ளே தவழ்ந்து போய், காலை மடக்கிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கழித்து மானும் உள்ளே போனது. உள்ளிருந்து அவள் பாடுவது கேட்டது. அவர்கள் மொழியில் ஏதோ தாலாட்டு. பதினைந்து நாள் தினமும் இப்படி. புல் வண்டி அண்ணன் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, "எனக்குப் பாக்க முடியலம்மா" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அனுப்பும் நாள் காலையில் அது தயங்காமல் உள்ளே போனது. உள்ளே இருந்த அவள் மறுபக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்தாள். இரண்டு கதவும் மூடின. காற்றுக்கு வைத்த துளைகளில் ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். லாரி வந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆத்தே, பேப்பர்ல எல்லாம் சரியா எழுதிட்டீங்களா? பொறந்த தேதி, அம்மா நம்பர்?"

"எழுதிட்டேன்."

"பாட்டில் பால்ல வளந்ததுன்னு எழுதுங்க. கூப்பிட்டா வரும்னு எழுதுங்க. எப்படிக் கூப்பிடணும்னும் எழுதுங்க."

படிவத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். கையெழுத்துப் போடும்போது என் கண்ணீர் தாளில் விழப் பார்த்தது. அவள்தான் தாளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஆண் மான் யாரையும் அண்டவிடவில்லை. அவளைக் கண்டாலும் புதருக்குள் ஓடியது. "இதுதான் நல்ல மான். இப்படித்தான் இருக்கணும்" என்பாள். ஆனாலும் தினமும் மாலையில் வேலியோரம் போய் ஒருமுறை குரல் கொடுப்பாள். எதுவும் வராது. கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

அடுத்த வருடம் அவளிருந்த வில்லாவின் சுவரில் இடிப்பதற்கான எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அறையிலிருந்த மற்றவர்கள் வேறு இடம் தேடினார்கள். இவள் தேடவில்லை. "ஊருக்குப் போறேன்" என்றாள். மகளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் தன்னை அடையாளமே தெரியாது என்றாள். ஊரில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். வள்ளிக்கிழங்கு போடுவேன், மான் தின்றது போக மிச்சத்தை நாங்கள் தின்போம் என்றாள். ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் தலையில் குதிரைமசால் வாசனை அடித்தது. வீட்டு போன் நம்பரை என் உள்ளங்கையில் எழுதினாள். வீடு வந்து சேருமுன் வேர்வையில் அழிந்துவிடுமோ என்று டாக்ஸியிலேயே காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அவளே எடுத்தாள். மகள் முதல் மாதம் கிட்டத்திலேயே வரவில்லையாம். இப்போது ராத்திரி பக்கத்தில் படுக்கிறாளாம். மான்கள் தோட்டத்துக்கு வருகின்றனவாம். அதற்குப் பிறகு எனக்கும் வேலை, அவளுக்கும் வேலை. பேச்சு விட்டுப்போனது.

நாங்கள் திருச்சிக்கே திரும்பிவிடுவது என்று முடிவான மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து பண்ணைக்கு மின்னஞ்சல் வந்தது. எங்கள் குட்டி அங்கே தகப்பனாகியிருந்தது. இரண்டு பெண் குட்டிகள். இரண்டும் திடமாக, தாயின் பாலையே குடித்து வளர்கின்றன. படமும் இருந்தது. பனி படர்ந்த புல்லில் மூன்று பழுப்பு உருவங்கள். மேலாளர் அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே போன் கார்டு வாங்கி அவள் நம்பரைப் போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். என் தோழியின் குரல் இல்லை. வயதான குரல், அவளுடைய அம்மாவாக இருக்கலாம். தோழியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பக்கம் அவர்கள் மொழியில் நிறையச் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் புரிந்தது, ஹாங்காங். அவள் மறுபடியும் வேலைக்குப் போய்விட்டாளா, இல்லை வேறு யாரோ போனதைச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னேன். அனுப்பிய மான் நன்றாக இருக்கிறது, இரண்டு குட்டிகள், இரண்டும் பெண், இரண்டும் ஆரோக்கியம். தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் பொறுமையாக முழுவதும் கேட்டார்கள். "எஸ் மேம். எஸ் மேம்" என்றார்கள். பிறகு லைன் அறுந்தது.

திருச்சி வந்த பிறகு பலமுறை முயன்றேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.